பதினாறு மணி நேரம்

மார்ச் 4

இன்று மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு நாற்பதுக்கு முடிந்த கூட்டத்தில், மானிய விண்ணப்பங்களை நீல மையில் மட்டுமன்றிக் கறுப்பு மையிலும் பூர்த்தி செய்யலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பச்சைக்கும் இடம் தர வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது என்று பொருளாளர் அம்மா சுட்டிக்காட்டியதும் அந்தத் தரப்பு, அதாவது ஒருவர், பின்வாங்கினார். மனித குலம் இனி எப்படி எழுதப்போகிறது என்ற கேள்வி இப்படியாகத் தீர்ந்தது. செயலாளர் என்ற முறையில் அதை நான் பதிவு செய்தேன். நீல மையில்.

பிஸ்கட் தீர்ந்துபோனதால் மற்ற விஷயங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

மார்ச் 5

பிற்காலத்தில் இந்த நோட்டைப் புரட்டும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். நகர சபை வருடாவருடம் ஒரு நிதி தருகிறது. வீட்டில் மருத்துவக் கருவியோடு வாழும் நோயாளிகள், மின்கட்டணம் கட்டத் திணறுகிறவர்கள் ஆகியோருக்கு, கரண்டு குறைவாகக் குடிக்கிற புதுக் கருவி, புது ஃப்ரிட்ஜ், பல்புகள், வெயிலைத் தடுக்கும் கூரைப் பூச்சு ஆகியவற்றை அந்த நிதியில் வாங்கித் தருகிறோம். யாருக்கு என்பதை முடிவு செய்ய நாங்கள் ஏழு பேர். விதிகள் பதினான்கு. அதில் ஒன்பது நான் எழுதியவை. நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு, யார் எதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று எழுதுவது கைவந்த கலை.

மார்ச் 9

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை.

அத்தானுக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஊரின் புகையை எல்லாம் ஊருக்கு முன்னால் நின்று வாங்கியவர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குத் தருகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. ஒரு சின்ன அலமாரி உயரம். லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி சத்தம் போடும், லாரி குடிக்கிற மாதிரி கரண்டும் குடிக்கும். தினம் பதினாறு மணி நேரம் ஓட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

நான் இருந்த இரண்டு மணி நேரமும் அது ஓடவில்லை.

"எவ்வளவு நேரம் போடறீங்க?" என்றேன்.

"ஆறு" என்றாள் அக்கா. ஏதோ தள்ளுபடியில் வாங்கியதைச் சொல்கிற குரலில்.

"டாக்டர் பதினாறு இல்ல சொன்னாரு?"

"டாக்டருக்கென்ன, பில்லு அவர் வீட்டுக்கா வருது?"

அத்தான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் இருமலாகிவிட்டது. அது அடங்க நான்கு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும்.

மானியத்துக்கு எழுதிப்போடலாமா என்று கேட்டாள். அக்கா என்னிடம் எதுவும் கேட்பவள் இல்லை. சின்ன வயதில் நான் செய்த குற்றங்களுக்கெல்லாம் வீட்டில் அடி வாங்கிய ஆள் அவள். அதற்குக்கூட பதிலுக்கு ஒன்றும் கேட்டதில்லை.

எழுதிப்போடு என்றேன். பழைய பில்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10

தகுதி இல்லை.

மார்ச் 11

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று முயல்கிறேன்.

விதி 6: கடைசி மூன்று மாதங்களின் சராசரி மின்பயன்பாடு இருநூற்றைம்பது யூனிட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அந்த வீட்டில் சேமிக்க ஒன்றுமில்லை என்று பொருள். இதை எழுதியவன் நான். முன்பு ஒருவர் பூட்டிக் கிடந்த வீட்டின் பேரில் ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதிரி ஆட்களைத் தடுக்க எழுதினேன். எழுதியபோது அதன் நடை அழகாக இருப்பதாக நினைத்தேன்.

அக்கா வீட்டுச் சராசரி நூற்றி எண்பத்தெட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடித்த யூனிட்டுகள். ஏற்கெனவே சிக்கனமாக இருப்பதால் சிக்கனத்துக்கு உதவி கிடையாது.

மார்ச் 14

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது. மூன்று மாதம் மெஷினை டாக்டர் சொன்னபடி பதினாறு மணி நேரம் ஓட்ட வேண்டும். பயன்பாடு முந்நூற்று அறுபத்தெட்டாக ஏறும். தகுதி வந்துவிடும். தேர்வாகும் வீடுகளின் கடைசி இரண்டு பில்களை மானியமே கட்டும் என்று விதி 9 சொல்கிறது. (விதி 9 நான் எழுதியதல்ல. அதனால்தான் அதில் மனிதத்தன்மை இருக்கிறது.) பிறகு பாதிக் கரண்டில் ஓடும் புது மெஷின் வரும்.

அதாவது, மின்சாரத்தைச் சேமிக்க உதவி வேண்டுமென்றால் முதலில் செலவழிக்க வேண்டும். பொய் எதுவும் இல்லை. மருந்தை டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுவது எப்படிப் பொய்யாகும்?

அக்காவிடம் சொன்னேன்.

"கரண்ட்ட வேணும்னே ஓட்டணும்கிற."

"ஆமா."

"பில்லு வந்தா கட்ட வேணாம்கிற."

"மானியம் கட்டும்."

"நீ படிச்சவன்" என்றாள். அவள் வாயில் அது ஒப்புதல்.

அதுவரைக்கும் நான் கட்டட்டுமா என்று கேட்டேன். கட்டிலிலிருந்து அத்தான் கையை உயர்த்தினார், எதிரே வரும் வண்டியை நிறுத்துகிற மாதிரி.

"மச்சான் காசுல மூச்சு விடற அளவுக்கு இன்னும் வரல."

மார்ச் 17

பழக்கம் என்பது சட்டத்தைவிட வலுவானது. மெஷினைப் போட்டுவிட்டு, அதற்கு ஈடுகட்ட அக்கா வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுகிறாள். இருட்டில் உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி. நான் ஒரு விளக்கைப் போட்டேன். எழுந்து போய் அணைத்தாள். மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தாள். எழுபது வயதுக்காரியும் அறுபத்து நான்கு வயதுக்காரனும்.

"போதும், ரெண்டு பேரும் டியூட்டிய முடிங்க" என்றார் அத்தான். இருமாமல், ஒரே மூச்சில்.

மார்ச் 30

அத்தானின் உதட்டில் நிறம் வந்திருக்கிறது. இத்தனை நாள் அது இல்லை என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 12

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே போகிற பஸ்களுக்கு மதிப்பெண் போடுகிறார். "பாரு, ப்ரேக்க எப்படி அடிக்கிறான், உள்ள இருக்கறவன் பல்லு என்னத்துக்கு ஆகும்." அக்கா உள்ளே இருந்து, "நீங்க ஓட்டினப்ப மட்டும் பல்லெல்லாம் பத்திரமா இருந்துச்சாக்கும்" என்கிறாள். இந்த வீட்டில் சண்டையைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. சண்டைக்கு மூச்சு வேண்டும்.

ஏப்ரல் 20

பில் வந்தது. அக்கா அதை என்னிடம் காட்டாமல், நான்காக மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற முகம்.

"கட்டாம விட்டதே இல்லடா இதுவரைக்கும்."

விதி 9-ஐ மறுபடி விளக்கினேன்.

மே 8

இதை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அத்தான். மாடிப்படி இறங்கி, மூன்று தெரு நடந்து வந்திருக்கிறார். பின்னால் அக்கா. கையில் ஒரு மடக்கு நாற்காலி, வழியில் எங்காவது உட்கார வைப்பதற்கு. ஆறு இடத்தில் உட்கார்ந்தாராம். "ஆறு ஸ்டாப்பு" என்றார்.

மூன்று வருடத்தில் முதல் முறை. என் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு புஸ்தகம் வெச்சிருக்க, ஒண்ணுலயாவது பெருக்கித் துடைக்கச் சொல்லி எழுதியிருக்கா பாரு" என்றார். டீ குடித்தார். அவர் டீ உறிஞ்சும் சத்தத்தை அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கண்ணால் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். கேட்டாள்.

திரும்பும்போது நானும் போனேன். நாற்காலி என் கையில். நான்கே ஸ்டாப்பு. மாடிப்படியில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். ஏறியதும் போய்ப் படுத்து மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டார். மெஷின் ஓடியது. அக்கா விளக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

மே 26

ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருந்தால் எழுத ஒன்றும் இருப்பதில்லை.

ஜூன் 15

சங்கத்தின் சார்பில் வீடுகளைப் போய்ப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் இன்று வந்தார். விண்ணப்பித்த நாற்பத்தோரு வீடுகளையும் ஏறி இறங்கியவர். அக்கா வீட்டுச் சராசரி முந்நூற்று எழுபத்தொன்று. பட்டியலில் மூன்றாவது இடம். பன்னிரண்டு வீடுகளுக்குக் கிடைக்கும்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சார், அந்த அம்மா உங்க அக்காதானே? மூக்கப் பாத்தாலே தெரியுது. நான் எங்கயும் எழுதல. நீங்களும் வாயத் தொறக்காதீங்க. இருபத்தொண்ணாம் தேதி கூட்டத்தோட முடிஞ்சிரும்."

அக்காவுக்கு வேறு குடும்பப் பெயர், வேறு தெரு. கமிட்டியில் யாருக்கும் தெரியாது.

விதி 11: கமிட்டி உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்தால், உறுப்பினர் அதை அறிவிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை மூவர் குழு தனியாக விசாரிக்கும். தலைவரின் மைத்துனர் ஒரே வருடத்தில் இரண்டு ஃப்ரிட்ஜ் வாங்கியபோது நான் கொண்டுவந்தது. அன்றைக்குத் தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 21

கூட்டம். பன்னிரண்டு வீடுகள் வாசிக்கப்பட்டன. மூன்றாவது எண்ணை வாசித்துவிட்டுத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆட்சேபணை?" என்றார். பொருளாளர் அம்மா பேனா மூடியைக் கழற்றி டிக் போடக் குனிந்தார்.

எழுந்தேன்.

யோசித்து எழவில்லை. கால் தானாக எழுந்தது என்று எழுதினால் அது பொய். கால் தானாக எதுவும் செய்வதில்லை. "தலைவர் அவர்களே, இந்த விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த அக்கா. விதி பதினொன்றின்படி அறிவிக்கிறேன்" என்றேன். குரல் நன்றாக இருந்தது. அறையின் கடைசி வரைக்கும் கேட்டது.

கைதட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். தலைவர்கூட. "இப்படி ஒரு செயலாளர் கிடைக்க நாம குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ரொம்பப் பிடித்திருந்தது.

பதினோரு வீடுகள் நிறைவேறின. அக்காவுக்கான மெஷின் மட்டும் தனியாக எடுத்து வைக்கப்பட்டது, மூவர் குழு அறிக்கை தரும் வரை.

எலக்ட்ரீஷியன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 22

அக்காவிடம் சொன்னேன். "ஒரு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்."

"ஏன்?"

"நீ என் அக்கான்னு சொல்லிட்டேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"ஓ" என்றாள்.

அத்தான்தான் பேச்சை மாற்றினார். "விடு. நம்ம ஆளு சிக்னலே இல்லாத இடத்துலயும் நிறுத்தற டிரைவரு."

ஜூன் 30

ராஜினாமா செய்தால் என்ன? நான் கமிட்டியில் இல்லையென்றால் அக்கா உறவினர் இல்லை.

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். விதி 11, உட்பிரிவு ஆ: பதவி விலகிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை இவ்விதி பொருந்தும். ஓட்டை விழாமல் எழுதியிருக்கிறேன். எமகாதகன்.

ஜூலை 8

மூவர் குழு இன்னும் கூடவில்லை. ஒருவர் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். இன்னொருவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்கள், பேசக் கூடாது. மூன்றாமவர் கூடுவதற்குத் தயாராக இருக்கிறார். ஆனால் ஒருவராக.

இரண்டாவது பில்லும் வந்துவிட்டது. கூடவே சிவப்பு எழுத்தில் நோட்டீஸ்: பத்து நாளில் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்.

ஜூலை 14

யாரிடமும் சொல்லாமல் மின்வாரியக் கவுன்டரில் போய் இரண்டு பில்லையும் கட்டினேன். சேமிப்பில் பெரிய ஓட்டைதான். ஆனால் மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

ஜூலை 16

பணம் கட்டியதற்கு நன்றி தெரிவித்து மின்வாரியம் அத்தானின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. இவ்வளவு மரியாதை தெரிந்த அலுவலகம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்கா கோபப்படவில்லை. "உங்க அத்தான் ராத்திரி சாப்பிடல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 20

சனிக்கிழமை. அக்கா வந்தாள். மேஜைமேல் ஒரு கவரை வைத்தாள். "மாசாமாசம்னா லேட்டாகும். வாராவாரம் தர்றேன்." வேண்டாம் என்றேன், கத்தினேன்கூட. கவரைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 27

இரண்டாவது கவர். வாங்கிக்கொண்டேன். அவள் கௌரவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மாதம் முழுக்க அவர்களுக்கு வருவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

செவ்வாய். பதினொரு மணி. எப்போதும் சொல்லிவிட்டே போகிறவன், இன்று சொல்லாமல் போனேன்.

படி ஏறும்போதே தெரிந்தது. சத்தம் இல்லை.

மெஷின்மேல் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. பிளக் சுவரில் இல்லை. அத்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

"என்ன அத்தான் இது, ஏன் நிறுத்தியிருக்கு?"

ஒரு விரலால் அலமாரிக் கதவைக் காட்டினார். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. டிப்போவில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி கோடு போட்ட அட்டவணை.

காலை 6 – 7.
மதியம் 1 – 2.
இரவு 8 – 10.

மேலே தலைப்பு: சேவை குறைக்கப்பட்டுள்ளது.

நான்கு மணி நேரம். முன்பு ஆறாவது இருந்தது. என் மூளை வேலை செய்வதற்கு முன்னால் ஆறு இருந்தது.

"அவள… திட்டாத" என்றார். இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு ஊர் தூரம். "நான்தான்… போட்டேன். கடன்… ஒரு மாதிரி… நெஞ்ச அடைக்குது மச்சான். இது… பரவால்ல."

பிளக்கை மாட்டினேன். துண்டை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டேன்: கவர், கவர், கவர்னு வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டியே, என்னன்னு நெனச்ச? எங்க இருந்து வருதுன்னு நெனச்ச? பெரிய நேர்மைக்காரன். எழுந்து நின்னியே. எவன்டா கேட்டான் உன்ன?

ஆகஸ்ட் 7

மூன்று கவர்களையும் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். மெஷின் ஓடுகிறது. உதட்டில் நிறம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 8

காலை பத்து மணிக்கு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 10

இருக்கிறார்.

ஆகஸ்ட் 13

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறவர். இதயமும் சேர்ந்து தளர்ந்துவிட்டது. இனி பதினாறு மணி நேரம் போதாது, நாள் முழுக்க வேண்டும், அதுவும் வீட்டு மெஷின் தருவதைவிட வேகமாக. நீண்டநாள் நோயாளிகளுக்கான பிரிவு ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். செலவு இல்லை. பார்வையாளர்கள் ஞாயிறும் புதனும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா அவள் கையைத் தொட்டார்.

"கொஞ்ச நாள் முன்னாடி அவரு நடந்தாரு, டாக்டர். இவன் வீடு வரைக்கும் நடந்து வந்தாரு."

"அப்ப மெஷின ஒழுங்கா போட்டிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. பாராட்டாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 18

ஞாயிறு. வார்டில் பன்னிரண்டு கட்டில். அத்தான் ஏழாவது. கூரையில் வரிசையாகக் குழல் விளக்கு, பட்டப்பகலிலும் எரிகிறது.

முகத்தில் மாஸ்க். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இங்க கரண்டு ஃப்ரீ, மச்சான். லைட்ட அணைக்கவே… மாட்டேங்கறாங்க. உங்க அக்கா மட்டும் இங்க… தங்கினா பில்லப் பாத்து இல்ல, லைட்டப் பாத்தே… போயிடுவா."

அக்கா சிரித்தாள். அவர் கால்மாட்டில் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைத்தான். ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து கைதட்டினார். எல்லோரும் எழுந்தோம். நாற்பத்தெட்டு வருடத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் படுத்த இரவுகள் அவர் டியூட்டி இரவுகள் மட்டும்தான் என்று பஸ்ஸில் சொன்னாள். என்னிடம் சொன்னாளா, ஜன்னலிடமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 24

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க, உட்காருங்க" என்றாள்.

யாரையோ சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

டீ கொண்டுவந்தாள். தட்டோடு. இந்த வீட்டில் எனக்கு ஒருநாளும் தட்டு வந்ததில்லை. "சக்கரை போதுமா பாருங்க."

"என்னக்கா இது, வாங்க போங்கன்னு?"

"கமிட்டி ஆளுங்களுக்கு மரியாதை குடுக்க வேணாமா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன்."

"நீங்க தப்பு பண்ணலியே. சரியாத்தான் பண்ணினீங்க. அதான் கைதட்டினாங்களே." கைதட்டலைப் பற்றி நான் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் சொல்லியிருப்பார். "ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷம், அங்க தம்பியா இருந்திருக்கலாம். இப்ப இங்க வந்து தம்பியா உட்கார்ந்து என்ன பண்றது?"

டீயைக் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கப்பையும் தட்டையும் அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவள் விளக்கைப் போடவில்லை. நானும் போடவில்லை.

செப்டம்பர் 2

மூவர் குழு கூடியது. பிரசவம் சுகம், பல் சுகம். ஒன்றேகால் மணி நேரம் விசாரித்து இரண்டு பக்க அறிக்கை தந்திருக்கிறார்கள். விண்ணப்பதாரர் மிகவும் ஏழ்மையானவர், தகுதி முழுமையானது, செயலாளர் எவ்விதச் செல்வாக்கையும் பயன்படுத்தவில்லை. கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 4

புதன். நான் போகவில்லை. அக்கா தனியாகப் போனாள் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தாராம். கையில் மடக்கு நாற்காலி வைத்திருந்தாளாம். வார்டில் பார்வையாளர்களுக்கு நாற்காலி போதாது.

செப்டம்பர் 11

மறுபடி புதன். போனேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அத்தான் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவள் எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். மீதிச் சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "இறங்கற எடம் வந்துருச்சு, பாத்து இறங்குங்க" என்றாள்.

செப்டம்பர் 18

கூட்டம் ஆறு மணிக்கு. ஐந்து பேர் வந்திருந்தார்கள், கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை சரியாக இருந்தது.

தீர்மானம் 1: போன கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது.

தீர்மானம் 2: புது நாற்காலிகள் வாங்குவது ஒத்திவைக்கப்பட்டது.

தீர்மானம் 3: நிலுவையில் இருந்த மூன்றாம் எண் விண்ணப்பம். மூவர் குழு அறிக்கை வாசிக்கப்பட்டுப் பாராட்டப்பட்டது. விண்ணப்பதாரர் வீட்டில் மருத்துவக் கருவி பயன்படுத்தும் நோயாளி தற்போது யாரும் இல்லை என்று பொருளாளர் தெரிவித்தார். எலக்ட்ரீஷியன் உறுதி செய்தார். விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது. எடுத்து வைத்திருந்த மெஷின் பட்டியலில் பதின்மூன்றாவது வீட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

முன்மொழிந்தவர் பொருளாளர். வழிமொழிந்தவர் தலைவர். விதி 11-இன்படி செயலாளர் வாக்களிக்கவில்லை.

கூட்டம் ஆறு ஐம்பதுக்கு முடிந்தது.